கரையில் உட்காருபவருக்காக ஒரு தீவு: கரீபியனில் ஐந்தை வைத்து ஒன்றைப் பிடித்த கதை

ஜூலையில் ஒரு வாரம் விடுமுறை. ஹூஸ்டனிலிருந்து கிளம்ப வேண்டும். போகிறவர்கள் மூன்று பேர். எனக்கு ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது) பைத்தியம்; 30 மீட்டர் வரை இறங்கச் சான்றிதழ் இருக்கிறது. பதினொரு வயது மகள் நன்றாக நீந்துவாள், ஸ்நார்க்கல் (மேலே மிதந்தபடி மூச்சு விட உதவும் குழாய்) போட்டால் இரண்டு மணி நேரம் தண்ணீரில் முகத்தைப் புதைத்தபடி கிடப்பாள். மனைவிக்கு நீச்சல் தெரியாது, படகு ஏறினால் தலை சுற்றும். ஆனால் கடல் பிடிக்கும். மணலில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு நாள் முழுக்க இருந்துவிடுவாள்.

கிராண்ட் கேமன், கோசுமெல், போனேர், குராசோ, ரோவத்தான் என்று ஐந்து கரீபியத் தீவுகளின் பட்டியலை விரித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது: "நீங்க காலைல எட்டு மணிக்குத் தண்ணிக்குள்ள போயிடுவீங்க. மதியம் ஒரு மணிக்கு வந்து, அப்படியொரு ஆமை பாத்தேன்னு சொல்லுவீங்க. நடுவுல அஞ்சு மணி நேரம் நாங்க என்ன பண்றது?"

அதுவரை நான் பவளப்பாறையின் அழகு, தண்ணீரின் தெளிவு, மூழ்கிய கப்பல்கள் என்றுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூபா பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். அவள் கேட்ட பிறகு முழுப் பட்டியலையும் கரையிலிருந்து திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வரிசை தலைகீழாக மாறிவிட்டது.

முதலில் கிராண்ட் கேமனை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குடும்பமாகப் போக அதைவிடச் சௌகரியமான தீவு குறைவு. செவன் மைல் பீச் என்ற நீண்ட வெள்ளை மணல் கரை (உண்மையில் ஏழு மைல் கிடையாது), சாதுவான தண்ணீர், ஆங்கிலம் பேசும் ஊர். வடக்குப் பக்கம் செங்குத்தாகக் கீழே விழும் பவளச் சுவர். 2011 ஜனவரியில் வேண்டுமென்றே மூழ்கடித்த கிட்டிவேக் என்ற பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வேறு. 76 மீட்டர் நீளம். நேராக நின்றிருந்ததை 2017இல் நேட் புயல் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது.

இடிப்பது பணம். அங்கே ஒரு கேமன் டாலர் என்றால் 1.20 அமெரிக்க டாலர். சாப்பாட்டு மெனுவில் 25 என்று பார்த்துச் சுமார்தான் என்று நினைப்போம், பில் வரும்போது 30 ஆகியிருக்கும். அந்த 25ஏ மற்ற தீவுகளைவிடக் கூடுதல். இன்னொரு சிக்கல் புயல். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2004 செப்டம்பரில் ஐவன் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. 2024 ஜூலைத் தொடக்கத்திலேயே பெரில் அதன் அருகில் உரசிக்கொண்டு போனது. 'ஜூலையில் எங்கே புயல் வரப்போகிறது' என்று இனிமேல் யாரும் அசட்டையாகச் சொல்ல முடியாது.

அங்கே பெயர் பெற்ற திருக்கை மீன் திட்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடக்கு உப்பங்கழியின் அமைதியான தண்ணீரில் மீனவர்கள் மீனை அறுத்துச் சுத்தம் செய்யும்போது கழிவைக் கொட்டுவார்கள். அதைத் தின்னத் திருக்கைகள் கூடி, அப்படியே பழகிப்போயின. இன்று கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் மகளுக்கு இதைக் காட்டினால் துள்ளிக் குதிப்பாள் என்று தெரியும். அதனாலேயே அவளிடம் நான் காட்டவில்லை.

அடுத்தது கோசுமெல். மெக்சிகோவின் யுகட்டான் கரைக்கு எதிரே கிடக்கும் தீவு. பிளாயா டெல் கார்மெனிலிருந்து ஃபெர்ரியில் முக்கால் மணி நேரம். கிரீன் கார்டோ நடப்பிலுள்ள அமெரிக்க விசாவோ இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனி மெக்சிகோ விசா வேண்டாம். பணம் குறைவு, சாப்பாடு அபாரம். பீன்ஸும் சோள டார்ட்டியாவும் வெண்ணெய்ப்பழமும் இருக்கிற ஊரில் சைவக்காரர் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை.

டைவிங்கோ, இந்த ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது. காரணம் நீரோட்டம். தெற்கிலிருந்து வடக்கே தீவை ஒட்டிக் கடல் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் இறங்கி, உடம்பை நேராக வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். புது வெள்ளத்தில் விழுந்த தக்கையைப் போல அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். துடுப்புக்காலை அசைக்கவே வேண்டாம். பலங்கார் பாறையின் குகை இடுக்குகள், சாண்டா ரோசா சுவர் எல்லாம் ரயில் ஜன்னலில் போவது போல நகரும். மேலே படகு நம் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே பின்தொடரும். எங்கே தலையைத் தூக்கினாலும் வந்து ஏற்றிக்கொள்ளும். பாறை இடுக்கில் உடம்பெல்லாம் வரிவரியாக, மஞ்சள் விளிம்பு கட்டிய துடுப்போடு ஒரு தேரை மீன் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அந்தத் தீவைச் சுற்றித்தான் அது கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியின் கண் வேண்டும். பக்கத்தில் போனால் உறுமும் சத்தம் மட்டும் முதலில் கேட்கும்.

இந்தப் புகழ்ச்சியை மனைவியின் கேள்விக்குப் பக்கத்தில் வைத்தால் சாயம் வெளுத்துவிடுகிறது. நீரோட்டத்தில் டைவ் என்றால் படகு கட்டாயம். அது ஒரு பூங்கா, 1996லிருந்து தேசியக் கடல் பூங்கா. வழிகாட்டி இல்லாமல் இறங்க முடியாது. காலையில் துறையில் என்னை வழியனுப்பிவிட்டு அவர்கள் வேறு எங்காவது போக வேண்டும். மேற்குக் கரையில் மணல் இருக்கிற இடங்கள் பெரும்பாலும் காசு கட்டி உள்ளே போகும் பீச் கிளப்கள். இலவசமாகக் கிடக்கும் அழகான கிழக்குக் கரையில் அலை அறைகிற அறையில் காலை நனைக்கக்கூடப் பயமாக இருக்கும். சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசியும் அந்தப் பக்கம்தான் வந்து ஒதுங்குகிறது.

இன்னொரு பழைய கசப்பும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானும் இரண்டு நண்பர்களும் நான்கு நாளுக்கு அங்கே போனோம். இரண்டாம் நாள் காலை எழுந்து பார்த்தால் கடல் நுரைத்துக் கிடக்கிறது, துறையில் சிவப்புக் கொடி. அமெரிக்காவிலிருந்து குளிர் இறங்கி வரும்போது வீசும் வாடைக்காற்றை அங்கே 'நோர்ட்டே' என்கிறார்கள். அது அடித்தால் துறைமுக அதிகாரி துறையை மூடிவிடுவார், ஒரு படகும் கிளம்பாது. இரண்டு நாள் ஓட்டல் அறையில் சீட்டாடினோம். ஜூலையில் நோர்ட்டே வராது, அது உண்மைதான். ஆனால் ஜூலை புயல் பருவம். 2005 அக்டோபரில் வில்மா புயல் அந்தத் தீவின் மேலேயே உட்கார்ந்து அடித்ததை ஊர்க்காரர்கள் இன்னமும் ஆண்டுக் கணக்குக்கு வைத்துச் சொல்வார்கள்.

சரி, புயலுக்குப் பயந்தால் எங்கே போவது? தெற்கே. வெனிசுவேலாவுக்கு மேலே, ஏறக்குறைய 12 பாகை அட்சரேகையில் அரூபா, குராசோ, போனேர் என்று மூன்று டச்சுத் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. புயல்கள் வழக்கமாக ஓடும் பாதைக்குத் தெற்கே தள்ளி இருப்பதால் நேரடி அடி மிகவும் அபூர்வம். சுத்தமாகத் தப்பிவிடும் என்று சொல்ல மாட்டேன். 1999 நவம்பரில் லென்னி என்ற புயல் எல்லாப் புயலும் போகிற திசைக்கு எதிர்த்திசையில், மேற்கிலிருந்து கிழக்காகப் போனது. அந்த அலை போனேரின் மறைவான மேற்குக் கரையில் வந்து மோதி ஆழமில்லாத பவளங்களை நொறுக்கியது. 2008இல் ஓமர் மறுபடி கொஞ்சம் நொறுக்கியது. ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே விடுமுறை கிடைக்கிற பள்ளிக்கூடக் குடும்பங்களுக்கு இந்த மூன்றும்தான் தைரியமாக டிக்கெட் போடக்கூடியவை. அரூபாவுக்குக் கடற்கரை பிரமாதம், டைவிங் சுமார். அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

போனேர் பற்றிப் பேசும்போது எனக்கு நடுநிலை வராது, முன்பே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த நாளில் அங்கே பல வண்டிகளின் எண் பலகையிலேயே 'முக்குளிப்பவர்களின் சொர்க்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. விமான நிலையத்தில் இறங்கியதும் கார் எடுக்க மாட்டார்கள், பிக்கப் லாரி எடுப்பார்கள். டைவ் கடையின் வாசலில் சிலிண்டர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலோரச் சாலையில் ஓட்டிக்கொண்டே போக வேண்டியது. வழியில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பிடித்த பெயரில் வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் நடக்கலாம். படகு கிடையாது, நேரம் கிடையாது, 'எல்லாரும் ரெடியா' என்று கத்துகிறவரும் கிடையாது. சில நிமிடம் நீந்தினால் பாறை விளிம்பு, அங்கிருந்து சரிவாக இறங்கலாம். தூத்துக்குடியில் முத்துக்குளிக்கிறவர்கள் இதைத்தான் 'பார்' என்பார்கள். பாறை என்று நீட்டுவதைவிட எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

அந்தச் சுதந்திரம் சும்மா வந்ததில்லை. 1971இலேயே கடலுக்கடியில் ஈட்டியால் மீன் குத்துவதைத் தடை செய்தார்கள், 1975இல் பவளம் எடுப்பதை. 1979இல் சுற்றியிருக்கும் கடல் முழுவதும் பூங்காவானது. நங்கூரம் போடக் கூடாது, கையுறை போடக் கூடாது. முதல் டைவ் சோதனை டைவ். மிதவைக் கட்டுப்பாடு (மூழ்காமலும் மேலேறாமலும் ஒரே ஆழத்தில் நிற்பது) சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். கட்டணமும் உண்டு: நுழைவு வரி 75 டாலர், கடல் பூங்காவுக்கு ஆண்டுக்கு 40 டாலர். கொடுக்க மனம் கோணாத காசு.

அங்கே இரண்டு இடங்களை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஹில்மா ஹூக்கர். 1984இல் கோளாறாகி வந்து சேர்ந்த 72 மீட்டர் சரக்குக் கப்பல். அதிகாரிகள் ஏறிச் சோதித்தால் பொய்ச்சுவருக்குப் பின்னால் டன் கணக்கில் கஞ்சா. உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. ஒழுகிக்கொண்டே நின்ற கப்பலைத் துறையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்க் கட்டினார்கள், செப்டம்பர் 12 அன்று அது மூழ்கிப்போனது. இப்போது 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. இன்னொன்று, உப்பளத் துறை. கப்பலில் உப்பு ஏற்றும் மேடையின் தூண்களுக்கு நடுவே நீந்தும்போது மேலிருந்து வெயில் கோயில் மண்டபத்தில் விழுவது போலச் சாய்ந்து விழும். தூணைச் சுற்றிச் சீலா மீன்கள் அசையாமல் தொங்கும். இரவில் இறங்கினால் ஆள் உயர தார்ப்பன் மீன்கள் பக்கத்தில் வந்து, நம் டார்ச் வெளிச்சத்தை இரவல் வாங்கி வேட்டையாடும். நாம் எந்தச் சின்ன மீனின் மேல் வெளிச்சம் அடிக்கிறோமோ அதற்கு அன்றோடு கணக்கு முடிந்தது. எனக்கு அது குற்ற உணர்வாகவே இருந்தது. மறுநாள் இரவும் போனேன்.

இப்போது கரைக்கு வருவோம். போனேரின் கரை பெரும்பாலும் மணல் கிடையாது, செத்த பவளத்தின் உடைசல். வெறுங்காலில் இரண்டு அடி நடக்க முடியாது. சிலிண்டரும் ஈயக் கட்டியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்துகொண்டு அதில் தள்ளாடி இறங்கும்போது டைவ் பூட்ஸைக் கண்டுபிடித்தவனைக் கும்பிடத் தோன்றும். மணல் வேண்டுமானால் எதிரே இருக்கிற குட்டித்தீவான கிளைன் போனேருக்குப் படகில் போக வேண்டும், இல்லை காற்றுப்பாய் ஓட்டுகிறவர்களின் சோரோபான் பக்கம் போக வேண்டும். அங்கே தண்ணீர் முழங்கால் அளவு, மகளுக்கு நல்லது, ஆனால் காற்று ஓயாது. மஞ்சள் கல் பக்கத்தில் மரநிழல்கூட அரிது. என் மனைவியை ஒரு பிக்கப் லாரியின் முன்சீட்டில் ஏசி போட்டு உட்கார வைத்துவிட்டு நான் கடலுக்குள் போவதைக் கற்பனை செய்து பார்த்தேன். அதுவும் அங்கே வண்டியில் எதையும் வைக்கக் கூடாது, கண்ணாடியை இறக்கி, பூட்டாமல் விட்டுவிட்டுப் போ என்பதுதான் அறிவுரை. பூட்டினால் கண்ணாடியை உடைத்து எடுப்பார்கள். போன முறை என் நண்பனின் பழைய செருப்பைக்கூட விடவில்லை. மனைவியை மட்டும் வைத்துவிட்டுப் போவதா?

அப்புறம் பவளத்தின் நிலைமை. விளம்பரப் படங்களை நம்பி எந்தக் கரீபியத் தீவுக்குப் போனாலும் கொஞ்சம் ஏமாற்றம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த நோயில் மான்கொம்புப் பவளக் காடுகள் பெரும்பாலும் போய்விட்டன. 1983, 84இல் பாசியைத் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருந்த கருமுள்ளெலிகள் என்ற, முட்பந்து போன்ற கடல் உயிர்கள் கூண்டோடு செத்தன. 2014இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய கல்பவளத் திசு இழப்பு நோய் 2018இல் மெக்சிகோக் கரைக்கும் 2023இல் போனேருக்கும் வந்தது. அதே 2023இல் கடல் கொதித்துப் பவளங்கள் வெளுத்தன. ஆகவே 'எந்தத் தீவில் பவளம் சிறந்தது' என்ற கேள்விக்குப் பத்தாண்டுக்கு முந்தைய பதிலை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். மீன்கள் இன்னும் இருக்கின்றன. கிளிமீன், களவா, அஞ்சாளை, ஆமை எல்லாம் நிறைய. பழைய பவளத்தைப் பார்க்காத கண்ணுக்கு இதுவே திருவிழாதான்.

போனேரிலிருந்து மேற்கே சிறிய விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது, குராசோ. 60 கிலோமீட்டர் நீளம், போனேரைவிடப் பெரிது, பெரிய ஊரும் உண்டு. டைவர்கள் இதை எப்போதும் இரண்டாவது இடத்தில்தான் வைப்பார்கள். நானும் வைத்திருந்தேன். கரையிலிருந்து பார்த்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது.

இங்கே மேற்குக் கரை முழுக்கச் சிறு சிறு குடாக்கள். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்று, நடுவில் ஒரு கைப்பிடி மணல், மரத்தடி நிழல். பிளாயா லகூன், காஸ் அபாவோ, போர்ட்டோ மாரி, க்னிப். சிலவற்றில் வண்டிக்கு இவ்வளவு என்று நுழைவுக் காசு உண்டு. பதிலுக்குக் கழிப்பறை, ஷவர், சாய்வு நாற்காலி, உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். முக்கியமான விஷயம், அதே மணலிலிருந்து இறங்கி நீந்தினால் பவளச் சரிவு. போர்ட்டோ மாரியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு பார்கள். மனைவி உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு எதிரே நான் மூழ்குவேன், ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் தலையைத் தூக்குவேன். நடுவில் மகள் மேலே மிதந்துகொண்டு என் குமிழிகளை எண்ணலாம். ஐந்து மணி நேரப் பிரிவு ஒரு மணி நேரமாகச் சுருங்குகிறது. அவளுடைய கேள்விக்கு இந்த ஒரு தீவில்தான் நேரடியான பதில் கிடைத்தது.

மகளுக்கென்று இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று கராகஸ் குடா. அங்கே ஒரு சின்ன இழுவைப் படகு 5 மீட்டர் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேலே மிதந்தபடியே முழுக்கப்பலையும் பார்க்கலாம். ஸ்நார்க்கல் போடுகிற குழந்தைக்கு மூழ்கிய கப்பல் கிடைப்பது லேசில் நடக்காது. இன்னொன்று வடமேற்கு மூலையில் இருக்கிற பிளாயா பிஸ்காடோ. மீனவர்கள் மீனை அறுக்கிற துறை. கழிவுக்காக ஆமைகள் வரும். கேமன் திருக்கைக் கதையேதான், ஆனால் இங்கே யாரும் ஆமையைத் தூக்குவதில்லை. அவள் தொடாமல் பார்த்தால் போதும் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

அதே மூலையில் பிளாயா கல்கி என்று ஒரு கடற்கரை. வரைபடத்தில் பார்த்துத் திகைத்துப் போனேன். பத்தாவது அவதாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஊர்ப் பேச்சான பாப்பியமென்ட்டுவில் கல்கி என்றால் சுண்ணாம்பு. அங்கே இறங்கினால் காளான் போல அடி குறுகி மேலே விரிந்த பவளக் குமிழ்கள்.

குராசோவில் குறையே இல்லையா? இருக்கிறது. போனேரின் மஞ்சள் கல் வசதி கிடையாது. எங்கே இறங்குவது என்று விசாரித்துத்தான் போக வேண்டும். ஊரின் நடுவில் பழைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் கண்ணை உறுத்தும். நல்ல கடற்கரைகள் தலைநகரிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி, ஆகவே வாடகைக் கார் இல்லாமல் நடக்காது. ஹூஸ்டனிலிருந்து எங்களுக்குக் கிடைத்த வழியில் மயாமியில் விமானம் மாற வேண்டும். எனக்கு இருக்கிற பெரிய சிக்கல் துணை. ஸ்கூபாவில் தனியாக இறங்கக் கூடாது. வீட்டில் யாரும் டைவ் செய்வதில்லை. கோசுமெலில் வழிகாட்டி எப்படியும் வருவார். குராசோவில் கரை டைவுக்கு ஒரு வழிகாட்டியைக் காசு கொடுத்துத்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். கரை டைவ் மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தச் செலவைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். தனியாகப் போகிற டைவர் அதைச் சேர்த்தால் படகுக் காசுக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும்.

கிளைன் குராசோ என்ற ஆளில்லாத் தீவுக்குப் பெரிய கட்டமரான் படகுகள் போகின்றன. தமிழ்க் கட்டுமரம் உலகம் சுற்றி, மதுக்கூடமும் குளியலறையும் வைத்த உல்லாசப் படகாகி, கரீபியனில் நம்மிடமே டிக்கெட் விற்கிறது என்று மகளிடம் சொன்னேன். "அப்போ நமக்குத் தள்ளுபடி உண்டாப்பா?" என்றாள். தள்ளுபடி இருந்தாலும் போகப் போவதில்லை. போகும்போது காற்றுக்கு எதிராக இரண்டு மணி நேரம் குதித்துக் குதித்துப் போகும் என்கிறார்கள். மனைவியின் தலைசுற்றலுக்கு அது தாங்காது.

ரோவத்தானைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. ஹோண்டுராசின் தீவு, உலகின் இரண்டாவது பெரிய தடுப்புப் பவளத்திட்டின் தெற்கு மூலையில் இருக்கிறது. வெஸ்ட் பே கடற்கரையில் மாவு போல மணல், நீந்தும் தூரத்தில் பவளம். டைவ் தளங்கள் பத்து நிமிடப் படகுத் தூரத்தில் இருப்பதால் ஒவ்வொரு டைவுக்கும் நடுவே கரைக்கு வந்துவிடலாம். விலையும் குறைவு. 1797இல் ஆங்கிலேயர் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து நாடு கடத்தி இறக்கிவிட்ட கரிஃபுனா மக்களின் பூந்தா கோர்தா ஊரும் அங்கேதான் இருக்கிறது. மனைவியின் கேள்விக்கு இதுவும் கிட்டத்தட்ட முழுப் பதில். வேறு குடும்பமாக இருந்தால் இதுவே முதலிடம் பெற்றிருக்கும். எங்களைத் தடுத்தது மணல் ஈ. கண்ணுக்கே தெரியாத பூச்சி, காற்று விழுந்த வேளையில் மணலில் உட்கார்ந்தால் கணுக்காலைப் பதம் பார்க்கும். கொசு கடித்தாலே ஒரு வாரம் தடித்துப்போகிற உடம்பு அவளுக்கு. மணலில் உட்காரத்தான் இந்தப் பயணமே எனும்போது மணலிலேயே எதிரி இருந்தால் என்ன செய்வது?

ஐந்தை ஒப்பிடும்போது ஆறாவதாக ஒன்று நடுவில் புகுந்து இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது: குவாதலூப். பிரெஞ்சுத் தீவு. 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பலில் நம் ஊர்க்காரர்கள் முதன்முதலாக அங்கே கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கினார்கள். பிறகு புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ கப்பல்கள். அவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை கேட்டு 1904இலிருந்து 1923 வரை வழக்காடி வென்றவர் பெயர் ஆன்ரி சிதம்பரம். பிரெஞ்சு எழுத்தில் அது சிதம்பரோம் என்று இருக்கும். கபஸ்தேர் ஊரில் சாங்கி கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. சந்தையில் கொலொம்போ என்று மசாலாப்பொடி விற்பார்கள். டைவிங்குக்கு மலாந்தூர் கரைக்கு எதிரே பிஜான் குட்டித்தீவுகள், தண்ணீருக்கடியில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் மார்பளவுச் சிலையோடு. கரையில் எரிமலைக் கருமணல்.

ஆனால் அது புயல் பாதையின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே ஒரு வாரத்தை ஸ்கூபாவுக்கும் ஓய்வுக்கும் பங்கு போட்டுவிட்டுக் கோயிலுக்கு அரை நாள் ஒதுக்குவது அசிங்கமாகவும் தோன்றியது. அது தனிப் பயணமாகப் போக வேண்டிய இடம். எடுத்து வேறு அட்டையில் எழுதி வைத்தாயிற்று, ஒரு பிப்ரவரியில் பார்க்கலாம்.

கடைசியில் ரோவத்தானும் குராசோவும்தான் தராசில் நின்றன. தட்டைச் சாய்த்தது நான் எதிர்பார்க்காத ஒன்று, கடைசி நாள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் மறுபடி மூழ்காமல் இருக்க வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற விட வேண்டும். அவசரப்பட்டால் மூட்டில் தொடங்கி மூளை வரை சிக்கலாகும். ஆகவே எந்தத் தீவுக்குப் போனாலும் ஒரு முழு நாள் நான் உலர்ந்த ஆள். போனேரில் அந்த நாளில் ஃபிளமிங்கோவும் கழுதையும் பார்க்கலாம். ரோவத்தானில் மறுபடி கடற்கரை. குராசோவில் வில்லெம்ஸ்டாட் இருக்கிறது. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாகத் துறைமுகத்தை ஒட்டி டச்சு வீடுகள். 1888இல் கட்டிய மிதவைப் பாலம், கப்பல் வந்தால் கதவு திறப்பது போல அப்படியே ஒரு பக்கமாக நகர்ந்து வழிவிடும்; ஆட்கள் மேலே நின்றுகொண்டே போவார்கள். சுரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரின் ரொட்டிக் கடைகள் உண்டு. ஃபுஞ்சி என்று ஒன்று தருவார்கள், நம் சோளக்களிக்குச் சட்டை மாற்றிப் போட்டது போல இருக்கும்.

நான் முதலில் வெறும் குளிக்கிற இடம் என்று நினைத்த க்னிப் கடற்கரைக்குப் பின்னால்தான் 1795 ஆகஸ்ட் 17 அன்று டூலா என்ற அடிமை தன் ஆட்களோடு வேலைக்குப் போக மறுத்து எழுந்த தோட்டம் இருக்கிறது. அக்டோபரில் அவரைக் கொன்றார்கள். வரலாறு என்றால் கொட்டாவி விடுகிற மகள், இதைச் சொன்னபோது மட்டும் "அப்புறம் என்னாச்சு?" என்று இரண்டு முறை கேட்டாள்.

டிக்கெட் போட்டாயிற்று. ஏழு இரவு, அதில் ஐந்து இரவு மேற்கே லகூன் பக்கம் சமையலறை உள்ள வீடு, கடைசி இரண்டு வில்லெம்ஸ்டாடில். எனக்கு ஆறு டைவ், அதில் ஒன்று மட்டும் படகு. கையிருப்பு டாலரே அங்கே செல்லும். மீதிச் சில்லறை 2025 மார்ச் கடைசியில் வந்த புதிய கரீபியன் கில்டரில் கொடுப்பார்கள், ஒரு டாலருக்கு 1.79 என்று கட்டிவைத்த விலை. சிலிண்டரும் ஈயமும் அங்கே வாடகைக்கு; பவர் கண்ணாடி வைத்த என் மாஸ்க்கை மட்டும் கைப்பையில் எடுத்துப் போகிறேன், பெட்டியில் போட்டு அது தொலைந்தால் ஆமையும் பாறையும் எனக்கு ஒன்றுதான்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். கரையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கும். ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போனால் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் வழிகாட்டியின் கடைக்குப் போன் போய்விடும்.

போன வாரத்திலிருந்து எங்கள் அடுக்ககக் குளத்தில் மாலை ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு நடக்கிறது. நேற்று அலுவலகத்திலிருந்து வந்தபோது மகள் குளத்தின் ஓரம் உட்கார்ந்து, உள்ளே யாரிடமோ "மூச்ச விடும்மா, மூச்ச விடு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.